இசைத்தட்டு கழுவ அல்ட்ராசானிக் தொட்டி: முதலில் அளவுகோலை எடுங்கள்

கேள்வி: பழைய எல்.பி. இசைத்தட்டுகள் இருநூறு போலச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் பலர் கைமாறி வந்தவை. ஓடவிட்டால் படபடவென்று சத்தம். நீரில் ஒலி அதிர்வைப் பாய்ச்சிக் கழுவும் அல்ட்ராசானிக் முறையில் போகும் என்கிறார்கள். தட்டுக்கென்றே வரும் பெரிய இயந்திரங்களின் விலை எனக்குக் கட்டாது. நகை, கண்ணாடி கழுவும் 3 லிட்டர் தொட்டி மலிவாகக் கிடைக்கிறது. தட்டைச் சுழற்றும் மோட்டாரோடு 6 லிட்டர் தொட்டி வாங்கினால் செலவு இரண்டு மடங்குக்கு மேல். 40 கிலோஹெர்ட்ஸ் போதுமா, 80, 120 என்று போக வேண்டுமா? எதை வாங்கலாம்?

பதில்: 6 லிட்டரை வாங்குங்கள். 40 கிலோஹெர்ட்ஸ் போதும். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

அதிகம் சத்தம் போடும் தட்டு ஒன்றை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி ஆகும். ‘டக்... டக்...’ என்று அதே இடைவெளியில் அடி விழுந்தால் அது கீறல். எந்தத் தொட்டியில் முக்கினாலும் கீறல் போகாது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஒழுங்கே இல்லாமல் சிதறி விழுந்தால் பெரும்பாலும் அழுக்கு. அதற்கு வழி உண்டு. உரக்க ஒலிக்கும் இடங்களில் மட்டும் குரல் கரகரத்தால் அது பழைய ஊசி அறுத்துவைத்த தேய்மானம். அதுவும் போகாது. பத்துத் தட்டை இப்படிக் கேட்டுப் பிரித்துவிட்டால், உங்களிடம் இருப்பது கழுவித் தீரும் பிரச்சினையா என்று தெரிந்துவிடும்.

இப்போது அளவுகோல். எல்.பி.யின் ஆரம் 15 சென்டிமீட்டர் சொச்சம். நடுவிலுள்ள லேபிளின் ஆரம் 5. தட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, லேபிள் நனையாமல் நீரில் இறக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் நீருக்குள் இருக்கும். தட்டின் கீழ்விளிம்புக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆக, நீர் மட்டும் 12 சென்டிமீட்டர் ஆழம். நீர் மட்டத்தில் தட்டின் அகலத்தை அளந்தால் 28 சென்டிமீட்டர் வரும். வழக்கமான 3 லிட்டர் தொட்டியின் உள்நீளம் 24, ஆழம் 10. நீளமும் பற்றாது, ஆழமும் பற்றாது. 6 லிட்டர் தொட்டி பொதுவாக 30 நீளம், 15 அகலம், 15 ஆழம்; எல்.பி.க்காகவே அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தும். விளம்பரத்தில் போட்டிருப்பது வெளி அளவா உள் அளவா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்கிவிட்டுத் தட்டை இறக்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

நீர் மட்டத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தட்டு சுழலும்போது ஊசி ஓடும் எல்லாப் பள்ளங்களும் ஒரே அளவு நேரம் நீரில் இருப்பதில்லை. நீர் மட்டம் மையத்திலிருந்து 5.5 சென்டிமீட்டரில் நின்றால், விளிம்போரப் பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீருக்குள் இருக்கும். கடைசிப் பாட்டு இருக்கும் உள்வட்டமோ எட்டில் ஒரு பங்குதான். கால் மணி நேரம் கழுவினால் உள்வட்டத்துக்குக் கிடைப்பது இரண்டே நிமிடம்! நீர் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அதுவும் இல்லை. உட்கோடியிலுள்ள பள்ளங்கள் நனையவே நனையாது. ‘முதல் பாட்டு சுத்தமாகிவிட்டது, கடைசிப் பாட்டு அப்படியே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது நீர் மட்டத்தைத்தான்.

சரி, கிலோஹெர்ட்ஸ் சண்டைக்கு வருவோம். நீருக்குள் ஒலி அலை அழுத்தமும் தளர்வுமாக மாறி மாறி அடிக்கும்போது நுண்ணிய குமிழிகள் பிறந்து, பெருத்து, சட்டென்று உள்ளே ஒடுங்கி நொறுங்குகின்றன. ஒரு பரப்பின் அருகே நொறுங்கும் குமிழியிலிருந்து அந்தப் பரப்பை நோக்கி மெல்லிய நீர்த்தாரை பாயும். அழுக்கைப் பெயர்ப்பது அதுதான். அதிர்வெண் கூடக்கூடக் குமிழி சிறுக்கும், எண்ணிக்கை பெருகும், அடி மென்மையாகும். தட்டுப் பள்ளத்தின் அகலம் சில பத்து மைக்ரான்தான் என்பதால், 40-இன் குமிழி உள்ளே நுழையவே நுழையாது என்று ஒரு கட்சி வாதாடும். குமிழி குடிபுக வேண்டியதில்லை; பள்ளத்தின் வாயில் நொறுங்கினாலே உள்ளே வேலை நடக்கும். விலை உயர்ந்த டெக்ரிட்டர் இயந்திரம் 120-இல் ஓடுகிறது, விலை குறைந்த ஹம்மிங்குரு 40-இல் ஓடுகிறது. இரண்டுமே தட்டுக்கென்று செய்தவைதான். 120-இன் மென்மை நல்ல விஷயம், மறுக்கவில்லை. கையில் உள்ள பணம் குறைவு என்றால், அந்த வித்தியாசத் தொகையை மோட்டாருக்கும் அலசி உலர்த்தும் ஏற்பாட்டுக்கும் போடுங்கள் என்பேன். 40-இல் அடி கொஞ்சம் பலமானது என்பதால் ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: தொட்டி ஓடும்போது தட்டு சுற்றாமல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது.

வாட்ஸ் விஷயத்தில் விற்பவர்கள் கொஞ்சம் விளையாடுவார்கள். ‘480 வாட்ஸ்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள்; பிரித்துப் பார்த்தால் அதில் 300 ஹீட்டருக்கு. தட்டைக் கழுவ நமக்கு வேண்டியது அல்ட்ராசானிக் வாட்ஸ். 6 லிட்டர் தொட்டிக்கு 180 என்பது வழக்கமான அளவு, அது போதும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

சொல்லப்போனால் சூடுதான் உங்கள் எதிரி. வினைல் தட்டு சூட்டில் இளகும் பொருள். நீர் 35 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 40-ஐத் தொடவே விடாதீர்கள். ஹீட்டரைப் போடவே இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. தொட்டிக்குள் போகும் ஒலி ஆற்றலும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. ஐந்தரை லிட்டர் நீரில் 180 வாட்ஸ் கால் மணி நேரம் ஓடினால் 6, 7 டிகிரி வரை ஏறலாம். நான் முதன்முதலில் வாங்கிய தொட்டியில் ஹீட்டரை அணைத்துவிட்டு ஒரு மதியம் முழுக்க விடாமல் ஐந்து முறை ஓட்டினேன். கடைசியாக எடுத்த தட்டு சுழல்மேசையில் படகுபோல ஆடியது. தொட்டியின் முகப்புத் திரை அப்போதும் 32 என்றே காட்டிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 47. அன்றிலிருந்து தொட்டித் திரையை நம்புவதில்லை. தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அது 35-ஐ நெருங்கியதும் நிறுத்தி நீரை ஆறவிடுங்கள்.

சுழற்றும் மோட்டார் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் எடுத்தால் சரி. வேகமாகச் சுற்றினால் நீர் கலங்கிக் காற்று கலக்கும். குமிழி நொறுங்கும் வேலை மந்தமாகும். ‘ஒரே தடவையில் எட்டுத் தட்டு’ என்று வரும் செட்டுகளைக் கண்டு மயங்க வேண்டாம். நீரில் 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.7 சென்டிமீட்டர். அதில் பாதியாவது, அதாவது இரண்டு சென்டிமீட்டராவது, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வேண்டும். இரண்டரை விட்டால் இன்னும் நல்லது. 15 சென்டிமீட்டர் அகலத்தில் நான் மூன்று தட்டுக்கு மேல் போடுவதில்லை. லேபிளை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத செட்டில் நீர் வழிந்து லேபிள் ஊறும்.

தொட்டியின் அடியில் வடிகுழாய் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஐந்தரை லிட்டர் நீரோடு தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்க மூன்றாவது நாளே அலுத்துவிடும். அலுத்தால் நீரை மாற்ற மாட்டீர்கள். அழுக்கு நீரில் கழுவுவதைவிடக் கழுவாமலே இருக்கலாம்.

தொட்டி வந்து சேர்ந்ததும் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நீரை நிரப்பி ஐந்து பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். நீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறும். தட்டு கழுவும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்ய வேண்டும். பிறகு மெல்லிய அலுமினியத் தாளில் ஒரு துண்டு வெட்டி, கம்பியில் மாட்டி நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தாள் முழுக்க ஊசி குத்தியதுபோலப் பொத்தல் தெரியும். ஓரிடத்தில் பொத்தலே இல்லை என்றால் அங்கே அலை போகவில்லை. ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தால் தொட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதைப் பார்த்த பிறகு அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் அலுமினியத் துகள் மிதக்கும். பள்ளத்தில் போய் அடைய அதைவிட மோசமான பொருள் வேண்டாம்.

நீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர்தான். குழாய் நீரிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்திலேயே படிந்துவிடும். வெறும் நீர் வினைலில் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும் என்பதால், அதைப் படரச் செய்யும் திரவம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். புகைப்படச் சுருள் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் கோடக் ஃபோட்டோஃப்ளோ போன்றது போதும், லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர்கூட வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், நுரையும் வாசனையும் தட்டிலேயே தங்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கலக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய வரும். திறந்த தொட்டியில், சூடேறும் நீரில், மின்சாரத்துக்குப் பக்கத்தில் எளிதில் தீப்பிடிக்கும் ஆவி எதற்கு? உங்கள் தொகுப்பில் 78 வேகத்து ஷெல்லாக் (அரக்கு) தட்டுகள் இருந்தால் ஆல்கஹால் அவற்றைக் கரைத்தேவிடும். அந்தத் தட்டுகளை இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தட்டை அப்படியே அழுக்கோடு தொட்டியில் இறக்காதீர்கள். மேலோட்டமான தூசியைப் பிரஷால் தட்டி, கைரேகையும் பூஞ்சையும் இருந்தால் அதே திரவத்தை நனைத்த மெல்லிய பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை அல்ட்ராசானிக் தனியாகப் பெயர்க்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அப்புறம் 10 முதல் 15 நிமிடம் தொட்டியில். அதற்கு மேல் ஓட்டுவதால் எனக்குத் தெரிந்து ஆதாயம் இல்லை.

பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில்தான். மூன்று தட்டு கழுவிய நீரில் ஒரு சொட்டு எடுத்து, துடைத்த முகக்கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும், விளிம்பில் பழுப்பாகத் துகள் தெரியும். தட்டை அப்படியே காயவிட்டால் அந்த வளையம்தான் பள்ளத்துக்குள்ளும் உட்காரும். அதனால் தொட்டியிலிருந்து எடுத்ததும் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசுங்கள், இதில் திரவம் எதுவும் வேண்டாம். உறிஞ்சி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் புது மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தூசி இல்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். அலசிய நீரிலும் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். வளையம் தெரியாத வரை நீர் நன்றாக இருக்கிறது. தொட்டி நீரை நான் பத்துப் பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒரு மைக்ரான் ஃபில்டரும் சிறிய பம்பும் பிறகு சேர்த்துக்கொண்டால் அந்தச் செலவு குறையும். முதல் நாளே வேண்டியதில்லை.

ஹம்மிங்குரு மாதிரி ஒரே பெட்டியில் கழுவி, காற்றடித்து உலர்த்தும் சிறிய இயந்திரங்களும் இருக்கின்றன. வீட்டில் ஈரமும் பிசுபிசுப்பும் ஆகாது என்பவருக்கு அது தோதானது. ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான், தொட்டி மிகச் சிறியது, தனியாக அலசும் கட்டம் கிடையாது. இருநூறு தட்டை அதில் முடிக்கப் பொறுமை வேண்டும். மாதம் நாலைந்து தட்டு வாங்குகிறவருக்குச் சரி.

சில எச்சரிக்கைகள். நீர் இல்லாமல் தொட்டியை ஓட்டாதீர்கள், அடியில் ஒலி அலையை எழுப்பும் டிரான்ஸ்டியூசர் கெட்டுவிடும். ஓடும்போது விரலை உள்ளே விடாதீர்கள். நீர் நிரப்புவதும் வடிப்பதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே. தொட்டி ‘உய்ங்’ என்று காதைத் துளைக்கும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் உங்களைவிட அதற்குத்தான் அவஸ்தை, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுங்கள்.

தொட்டிக்கு ஆர்டர் போடும்போதே உள்ளுறைகளும் இருநூறு வாங்கிவிடுங்கள். பழைய காகித உறைக்குள் ஐம்பது வருடத் தூசி இருக்கும். கழுவிய தட்டைத் திரும்ப அதிலேயே செருகினால் அடுத்த வாரமே தூறல் ஆரம்பித்துவிடும். முதல் மூன்று தட்டாக, போனால் போகட்டும் என்று நினைப்பவற்றை எடுங்கள். கழுவுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஒரே பாட்டைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். கடைசிப் பாட்டையே எடுங்கள், முதல் பாட்டை வேண்டாம்.