டிஸ்க்கில் பழுதில்லை, மாற்ற வேண்டாம்

திரை இருண்டே கிடக்கிறது, ஒரு குழந்தை பாடுவது மட்டும் கேட்கிறது, பிறகு படத்தின் இரு ஓரங்களும் கறுத்திருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்! 1961இல் வந்த ‘தி இன்னசென்ட்ஸ்’ என்ற பேய்ப்படம் அப்படித்தான் தொடங்கும். படத்தயாரிப்பு நிறுவனத்தின் முத்திரைக்கு முன்பே பாட்டு வந்துவிடும்.

ஓரத்து இருட்டும் வேண்டுமென்றே செய்ததுதான். இயக்குநர் ஜாக் கிளேட்டனுக்கு சினிமாஸ்கோப் என்ற அகலத் திரை வடிவத்தில் விருப்பமில்லை, ஆனால் நிறுவனம் அதில்தான் எடுக்க வேண்டும் என்றது. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கேமரா லென்ஸுக்கு முன் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களில் சாயம் பூசி அந்த அகலத்தை ஒடுக்கினார். அதனால் டிவியில் வெளிச்சத்தை ஏற்றாதீர்கள், ஜூம் போடவே போடாதீர்கள். படத்தில் வரும் தனித்த மாளிகையில் நாயகி டெபோரா கெர் மெழுகுவத்தியோடு நடக்கும்போது சுற்றிலும் இருட்டு அப்படியே இருக்க வேண்டும்.

பகல் காட்சிகளிலும் கண்ணை எடுக்காதீர்கள். ஏரிக்கு அக்கரையில், நாணலுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்பாள். முதல்முறை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.