எறும்புத் தலையும் இன்கா ஊசியும்

கேள்வி: காயத்துக்கு எறும்புத் தலைகளால் தையல் போட்டவர்கள் தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் என்றும், துணித் தையலுக்கும் அவர்களே முன்னோடிகள் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். இதைப் பாடநூல்கள் மறைப்பது ஏன்? இருவகைத் தையலும் ஒன்றுதானா?
– வாசகர், சிவகாசி

பதில்: பாடநூல்கள் எதையும் மறைக்கவில்லை, காணொளிதான் கணக்கில் பிசகியிருக்கிறது. நூல் கோக்கும் காதுள்ள எலும்பு ஊசிகள் சைபீரியாவில் ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. காயத்தைத் தைப்பது பற்றிக் கி.மு. 1600ஐ ஒட்டிய எகிப்தியச் சுவடி ஒன்று பேசுகிறது. கிழிந்த குடலின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, கட்டெறும்புகளைக் கடிக்க விட்டு, உடலைக் கிள்ளி எறிந்து தலையை மட்டும் விட்டுவைக்கும் முறை, பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. இன்கா பேரரசோ பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்து, 1533இல் ஸ்பானியர் அதன் தலைநகர் குஸ்கோவுக்குள் நுழைந்ததோடு சரிந்தது.

இல்லாத பெருமையைச் சூட்டுகிறவர்கள் இருக்கிற பெருமையைக் கண்டுகொள்வதில்லை என்பதே என் வருத்தம். இன்கா மருத்துவர்கள் மண்டையோட்டில் துளையிட்டு அறுவை செய்தார்கள். துளையின் விளிம்பு மழுங்கி வளர்ந்திருந்தால் நோயாளி பிழைத்தார் என்று பொருள். அவ்வாறு ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, இன்கா காலத்தில் 75 முதல் 83 விழுக்காட்டினர் பிழைத்ததாகக் கணித்தது. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதே வகை அறுவைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். ஆனால், மண்டைத் தோலை எந்த நூலால் மூடினார்கள் என்பதை எலும்பு சொல்லாது. புதுக் காயங்களுக்கு 'முல்யி' மரத்தின் பிசினைப் பூசினார்கள் என்று, இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் 1539இல் குஸ்கோவில் பிறந்த கார்சிலாசோ எழுதியிருக்கிறார்.

துணியைப் பற்றியும் அவர் சொல்வது சுவையானது. இன்கா மக்கள் நெசவில் வல்லவர்கள், தைத்தது குறைவு. ஆண்கள் அணிந்த சட்டையைக் கழுத்துத் திறப்போடு ஒரே துணியாக நெய்து, கத்தரியே வைக்காமல் மடித்து, கை நுழைய இடம் விட்டுப் பக்கங்களை மட்டும் மூட்டினார்கள். நீண்ட முள்ளே ஊசி. உள்ளங்கை அளவு கிழிந்தாலும் ஒட்டுப் போடமாட்டார்கள். பானையின் வாய் அல்லது பாதியாகப் பிளந்த சுரைக்குடுக்கையின் மேல் துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்து, பாவும் ஊடையுமாக இழை இழையாக மறுபடி நெய்துவிடுவார்களாம். ஸ்பானியர் துணிக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள் என்பதையும் அவர் மறக்காமல் குறித்திருக்கிறார்.

துணித் தையலும் மருத்துவத் தையலும் நேருக்கு நேர் சந்தித்த ஊரைக் கேட்டால், பிரான்சின் லியோன் என்பேன். 1894இல் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ அங்கே கத்தியால் குத்தப்பட்டு, அறுந்த இரத்தக் குழாயைத் தைக்க வழியின்றி இறந்தார். அவ்வூரின் இளம் மருத்துவர் அலெக்சிஸ் காரெல், பூவேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் நுண்ணிய ஊசி பிடிக்கப் பழகினார். குழாயின் வட்ட வாயை மூன்று நூல்களால் இழுத்து முக்கோணமாக்கி, மூன்று நேர்க்கோடுகளாகத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டும் ஒன்றல்ல. தையற்காரர் துணியின் அடியிலும் கை கொடுத்து ஊசியை வாங்கலாம். மருத்துவருக்கு மேற்புறம் மட்டுமே கிடைப்பதால் அவருடைய ஊசி வளைந்திருக்கிறது. தையற்காரர் நூலை அறுக்காமல் ஓட்டுவார். மருத்துவர் தோலில் பெரும்பாலும் ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு போடுவார், ஏனெனில் ஓரிடத்தில் சீழ் கட்டினால் அந்த ஒன்றை மட்டும் வெட்டி வடியவிடலாம். முகத்தில் போட்ட தையலை ஐந்து நாள் வாக்கிலும், அடிக்கடி மடங்கும் முழங்காலில் போட்டதைப் பத்துப் பதினான்கு நாள் கழித்தும் பிரித்துவிடுவார்கள்.