வாழைக்காயா, வாழைப்பழமா?

கேள்வி (திருவையாறு வாசகி): எங்கள் கொல்லையில் மொந்தனும் பூவனும் நிற்கின்றன. அமாவாசை, திதி, விருந்து என்று மாதத்தில் பல நாள் வாழைக்காய் சமைக்கிறோம். “தினம் காய் சாப்பிடுகிறோமே, பழம் வேறு எதற்கு? பழத்தில் இருப்பது சர்க்கரைதான், காயில்தான் இரும்புச்சத்து. நறுக்கும்போது கை கறுப்பதே அதற்குச் சாட்சி” என்கிறார் என் மாமியார். உண்மையில் இரண்டில் எது சத்து மிகுந்தது?

பதில்: கை கறுப்பதை முதலில் பார்த்துவிடுவோம். இந்தச் சாட்சியை நம்பாத வீடு காவிரிக் கரையில் குறைவு. என் தாயாரும் கடைசிவரை நம்பியவர்தான். வாழைக்காயின் தோலிலும் அதிலிருந்து வடியும் பாலிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. காயை வெட்டியதும் அதன் திசுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் காயிலேயே இருக்கும் ஒரு நொதியின் துணையோடு காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பழுப்பாகின்றன. வெட்டுவது இரும்பு அரிவாள்மணையாக இருந்தால் டானின் அந்த இரும்போடும் கூடிக் கருநீலக் கறையாக மாறுகிறது. கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதுவும் இதே வினைதான். அடுத்த முறை ஒரு காயை அரிவாள்மணையிலும் இன்னொரு காயை எவர்சில்வர் கத்தியாலும் நறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கத்தியால் நறுக்கிய துண்டு பழுப்போடு நின்றுவிடும். நறுக்கிய காயை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் நிறம் மாறாமல் இருப்பதற்கும் மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்குவதே காரணம்.

ஆகவே, கையில் படிந்த கறுப்புக்கு இரும்பு தந்தது அரிவாள்மணை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. 100 கிராம் வாழைக்காயில் ஒரு மில்லிகிராம் கூடத் தேறாது. போதாததற்கு, டானின் நாம் உண்ணும் மற்ற பொருள்களில் உள்ள இரும்பையும் உடல் ஏற்றுக்கொள்ளாமல் ஓரளவு தடுக்கிறது. உங்கள் வீட்டில் இரத்தசோகை உள்ளவர்கள் இருந்தால் வாழைக்காயை நம்பி இருந்துவிட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காயும் பழமும் ஒரே பொருளின் இரண்டு வயதுகள். தாரை வெட்டிய நாளில் காயின் சதையைத் தண்ணீர் போக உலர்த்தி எடைபோட்டால், அதில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் மாவுச்சத்து இருக்கும். பழுக்கப் பழுக்க நொதிகள் அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. நன்றாகக் கனிந்த மோரிஸ் பழத்தில் மிஞ்சும் மாவுச்சத்து மிகச் சொற்பம். மொந்தன் போன்ற கறிவாழை வகைகளில் பழுத்த பிறகும் மாவுச்சத்து சற்று எஞ்சி நிற்பதால்தான் அந்தப் பழம் வாயில் மாவாகத் தட்டுப்படுகிறது. ஆனால் பொட்டாசியம், மெக்னீசியம் முதலிய தாதுக்கள் பழுப்பதால் தோன்றுவதும் இல்லை, மறைவதும் இல்லை. தார் மரத்தில் இருந்தபோது மண்ணிலிருந்து வந்து சேர்ந்தவை அப்படியே இருக்கின்றன. ஆகவே “பழத்தில் சர்க்கரைதான்” என்று மாமியார் சொல்வதைக் காயையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காயில் மாவாக இருப்பதுதான் பழத்தில் இனிப்பாக இருக்கிறது.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மோரிஸ் போன்ற மஞ்சள் பழத்தின் சதை 100 கிராமை எடுத்துக்கொண்டால், அதில் 75 கிராம் தண்ணீர். சர்க்கரையும் மாவும் நாருமாகச் சேர்ந்த கார்போஹைட்ரேட் 23 கிராம். அதில் நார்ச்சத்து மட்டும் இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். புரதம் ஒரு கிராம்தான், கொழுப்பு அதனினும் குறைவு. பொட்டாசியம் சுமார் 360 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சொல்லும் 3,500 மில்லிகிராமில் இது பத்தில் ஒரு பங்கு. வைட்டமின் பி6 குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. வைட்டமின் சி 9 மில்லிகிராம்தான். அதே எடையுள்ள கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதைப் பார்க்கும்போது, வைட்டமின் சி-க்காக வாழைப்பழம் உண்பதில் பொருளில்லை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று வகைக்கு வகை இந்த எண்கள் சிறிது ஏறி இறங்கும். கணக்கு தலைகீழாக மாறிவிடாது.

எனவே, எது உயர்ந்தது என்பதைக் காட்டிலும், வாழைக்காயை இலையில் எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதுதான் இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். பரிமாறும்போது பொரியல் இருக்கும் பக்கம் வைத்தாலும், சத்தின் கணக்கில் அது சோற்றுக்கும் உருளைக்கிழங்குக்கும் உறவு. 100 கிராம் புடலங்காயிலும் கத்தரிக்காயிலும் கார்போஹைட்ரேட் 3 முதல் 6 கிராம் வரை இருக்கும். வாழைக்காயில் அதைப்போல் பல மடங்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் 400 கிராம் காய்கறிகளும் 100 கிராம் பழமும் இருக்கச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனமோ நாளொன்றுக்குச் சொல்லும் 400 கிராம் காய்கனிகளில் உருளை, மரவள்ளி போன்ற மாவுக்கிழங்குகளைச் சேர்ப்பதே இல்லை. அதே நியாயப்படி வாழைக்காயையும் நான் தனியே எடுத்து வைப்பேன். வாழைக்காய் பொரியல் செய்த நாளில் வீட்டில் காய்கறி சமைத்தாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கூடவே ஒரு கீரை மசியலோ புடலங்காய்க் கூட்டோ இருக்கட்டும், சோறு ஒரு கரண்டி குறையட்டும்.

சமைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பழத்தை உரித்து அப்படியே உண்பதால் இழப்பு இல்லை. காயைத் தோல் சீவி நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால், பொட்டாசியத்தில் ஒரு பகுதியும் இருக்கிற கொஞ்ச வைட்டமின் சி-யும் வடிநீரோடு போய்விடும். பொடிமாஸ் செய்பவர்கள் காயை இரண்டாக அரிந்து தோலோடு அரைவேக்காடாக வேகவிட்டு, ஆறியபின் உரித்துத் துருவுகிறார்களே, அதில் இழப்பு மிகக் குறைவு. இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ருசியோடு வைட்டமின் சி-யும் சேரும். பஜ்ஜிக்கும் வறுவலுக்கும் கணக்கே வேறு. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பதால், மெல்லிய வறுவல் துண்டில் காயைவிட எண்ணெயின் கலோரியே முந்திக்கொள்கிறது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): என் தகப்பனாருக்குச் சர்க்கரை நோய். பழத்தைத் தொடுவதில்லை, வாழைக்காய் என்றால் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இது சரியா?

பதில்: பச்சைக் காயின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில் எளிதில் செரிக்காமல் நார்ச்சத்தைப் போலப் பெருங்குடலுக்குச் செல்லும் வகையைச் சேர்ந்தது. இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் வாழைக்காயைச் சர்க்கரை நோய்க்கு உகந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் காயை நாம் பச்சையாகத் தின்பதில்லை. வேகும்போது அந்த மாவு தண்ணீரை இழுத்து உப்பி, எளிதில் செரிக்கக்கூடியதாகிவிடுகிறது; ஆறிய பிறகு சிறு பகுதி பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே, சாம்பார் சாதத்தோடு இரண்டு கரண்டி வாழைக்காய் என்பது மாவின்மேல் மாவு. உங்கள் தகப்பனார் அதை விரும்பினால், அந்த வேளையில் சோற்றைக் குறைத்துக்கொண்டு உண்ணலாம். பழத்தையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை. அதிகம் கனியாத சிறிய பூவன் பழம் ஒன்றைச் சாப்பாட்டின் முடிவில் உண்ணாமல் தனியே உண்டு, சர்க்கரை அளவு எப்படி மாறுகிறது என்று பரிசோதித்து, மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யலாம்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தால் மேலே சொன்னது மாறிவிடும். அப்போது காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதே நல்லது. முந்தைய பதிலில் இழப்பு என்று சொன்னது இவருக்கு அனுகூலம். பழத்தில் அப்படி எதையும் குறைக்க வழியில்லை.

கேள்வி (மன்னார்குடி வாசகி): மூட்டம் போட்டுப் பழுத்த பழத்தில் இருந்த சத்து, இப்போது கடையில் கேஸ் வைத்துப் பழுக்கவைக்கும் பழத்தில் உண்டா?

பதில்: உண்டு. வாழை பழுக்கும்போது தானே வெளியிடும் எத்திலீன் வாயுதான் மற்றக் காய்களையும் பழுக்கத் தூண்டுகிறது. அறையில் தாரை அடுக்கிப் புகைமூட்டம் போட்டபோது அந்தப் புகையில் இருந்த எத்திலீனே வேலை செய்தது. இன்றைய குளிர் அறைகளில் அதே வாயுவை அளந்து விடுகிறார்கள், 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை விதிகளும் அனுமதிக்கின்றன. காயின் மாவு சர்க்கரையாவதும் தாதுக்கள் மாறாமல் இருப்பதும் இரண்டு முறையிலும் ஒன்றே. தடை செய்யப்பட்டிருப்பது கார்பைடு கல். தொழிலுக்குப் பயன்படும் அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதே தடைக்குக் காரணம். தோல் முழுதும் மஞ்சளாக இருந்தும் உரித்தால் சதை கடினமாகவும் துவர்ப்பாகவும் இருந்தால், எப்படிப் பழுக்கவைத்திருந்தாலும் மாவு இன்னும் சர்க்கரையாகவில்லை என்று பொருள். இரண்டு நாள் வைத்திருந்து உண்ணுங்கள்.