கீழவாசலுக்கு ரோபோ எப்போது?

கேள்வி: அமெரிக்காவில் டிரைவரே இல்லாத எலெக்ட்ரிக் டாக்சி ஓடுகிறதாமே, மதுரைக்கு எப்போது வரும்? என் மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கத் துடிக்கிறான். அதுவரை பொறுக்கச் சொல்லலாமா? – ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பொறுக்கச் சொன்னால் உங்கள் மகன் பேரனே எடுத்துவிடுவார்.

ஃபீனிக்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வேமோ என்ற கம்பெனி ஆளில்லாமல் டாக்சி ஓட்டுகிறது, உண்மைதான். அதே சான் பிரான்சிஸ்கோவில்தான் 2023 அக்டோபரில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண்ணை க்ரூஸ் கம்பெனியின் ஆளில்லா கார் சுமார் 20 அடி இழுத்துப் போனது. பர்மிட் பறிபோனது. அதற்குப் பணம் போட்ட ஜெனரல் மோட்டார்ஸ், 2024 டிசம்பரில் ரோபோ டாக்சியே வேண்டாம் என்று கையைக் கழுவியது. லேன் கோடு அழியாத ஊரிலேயே இந்தக் கதை. கீழவாசலில் நம் ஷேர் ஆட்டோ அண்ணன் இடது காலை வெளியே நீட்டினால் என்ன அர்த்தம் என்று பின்னால் வருகிற நமக்கே சில நேரம் புரிவதில்லை. ஆளில்லா காரின் கேமராவைச் சொல்லி என்ன பயன்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது காந்தத்தைப் பற்றி. மகன் பார்த்து வைத்திருக்கும் ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் பெரும்பாலும் நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் கலந்த காந்தம்தான் இருக்கும். சூட்டில் அதன் பிடிமானம் போய்விடாமல் இருக்கத் துளி டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு தனிமத்தைச் சேர்ப்பார்கள். சித்திரை வெயிலில் மாசி வீதியில் முக்கிக்கொண்டு ஊர்கிற வண்டிக்கு அந்தத் துளிதான் உயிர். உலகில் இந்தக் காந்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் உள்பட 7 அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்றது சீனா. சில மாதங்களில் இங்கே ஸ்கூட்டர் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன.

நாகர்கோவில் பஸ் ஏறினால் மணவாளக்குறிச்சி. அங்கே கடல் மணலிலிருந்து மோனசைட் என்ற தாதுவைப் பிரிக்கிறார்கள். அதில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியம்தான் நம் மணலில் சொற்பம். அதோடு தாதுவிலிருந்து தனிமத்தைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்கும் ஆலைகளை நாம் பெரிதாக வளர்க்கவில்லை. நெல் நம்முடையது, அரிசி ஆலை அடுத்தவன் ஊரில். 2025 நவம்பரில்தான் மத்திய அரசு 7,280 கோடி ரூபாயில் காந்த ஆலைகளுக்கு ஒரு திட்டம் அறிவித்தது; ஆண்டுக்கு 6,000 டன் இலக்கு. முன்பே செய்திருக்கலாம் என்று சொன்னால் எனக்கு அரசியல் தெரியவில்லை என்பார்கள்.

அடுத்தது சாஃப்ட்வேர். 2015இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி நெடுஞ்சாலையில் போன ஜீப் ஒன்றைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். பாட்டுக் கேட்கும் பெட்டி வழியாக உள்ளே நுழைந்தார்களாம். 14 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவிப்பு. அது பெட்ரோல் வண்டி. சிம் கார்டு இருந்தால் போதும், எந்த வண்டிக்கும் அந்தக் கதவு உண்டு.

என் ஸ்கூட்டரைத் திருட யாரும் வரவில்லை. அதுவே தன்னைப் பூட்டிக்கொண்டது. போன மாதம் காலையில் ‘அப்டேட் ஆகிறது’ என்றது. 60 சதவீதத்தில் நின்றது, நின்றதுதான். சாவி போட ஓட்டையும் கிடையாது. சிம்மக்கல்வரை தள்ளிக்கொண்டு போனேன். இருபது வருஷமாக என் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் இருக்கையைத் தூக்கினார், கன்ட்ரோலர் பெட்டியைத் தட்டினார், கையைத் துடைத்துக்கொண்டார். “அண்ணே, இதுல ஸ்பேனர் வைக்க எடமே இல்லண்ணே. லேப்டாப்பு வச்சிருக்கவன்தான் வரணும்.” லேப்டாப்புக்காரர் மூன்றாம் நாள் வந்தார், பத்து நிமிஷத்தில் முடித்தார்.

மகனை வாங்கச் சொல்லுங்கள். பெட்ரோல் காசு கண்டிப்பாக மிச்சம். ஆனால் ஷோரூமில் கலரைப் பார்க்கும் முன் கேட்கட்டும்: அப்டேட் எத்தனை வருஷம் வரும், பாதியில் நின்றால் திருமங்கலத்துக்கு யார் வருவார், அதுவும் எத்தனை நாளில்?