ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலை வகுப்பு தொடங்கினால் அதை நிலைத்து நடத்துவது எப்படி?

உங்கள் ஊரில் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்காகக் கலைப் பயிற்சி ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், முதல் மாதம் வரும் கூட்டம் மூன்றாம் மாதம் இருக்காது என்று பலரும் சொல்வதாகவும், அதற்கு என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு வட்டாரக் கிராமம் ஒன்றில், 14 முதல் 21 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தெருக்கூத்தும் பறையும் கற்பிக்கும் மாலை வகுப்பை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து மட்டுமே பதில் சொல்கிறேன். ஓவியமோ நாடகமோ ஒயிலாட்டமோ, நீங்கள் எடுத்துக்கொள்ளும் கலை வேறாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

கூட்டம் குறைவதற்குப் பிள்ளைகளின் ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். நான் பார்த்த வரையில் காரணம் வேறு. பல மாதங்கள் 'அடிப்படை' கற்றுக்கொண்டே இருந்துவிட்டு, ஆண்டு முடிவில் ஒரு விழாவில் ஐந்து நிமிடம் ஆடி, சான்றிதழும் கேடயமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் அமைப்பில், 16 வயதுப் பிள்ளை தன்னை அங்கே தேவைப்படுகிறவனாக ஒருபோதும் உணர்வதில்லை. அவன் வராவிட்டாலும் எதுவும் நின்றுவிடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்களில் இந்தச் சிக்கலுக்கு நெடுங்காலமாகவே ஒரு தீர்வு இருக்கிறது. புதிதாக வரும் பையனைப் பின்பாட்டில் நிறுத்திவிடுவார்கள். வாத்தியார் எடுத்துக் கொடுக்கும் அடியை அவன் வாங்கித் திருப்பிப் பாட வேண்டும், திரை பிடிக்க வேண்டும், வேஷக்காரர்களுக்குக் கட்டை எனப்படும் மர அணிகலன்களைக் கட்ட உதவ வேண்டும். அவன் இன்னும் ஓர் அடவுகூட (ஆட்ட அசைவு) சரியாகக் கற்றிருக்க மாட்டான். ஆனாலும் கூத்து நடக்கும் களரியில் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை நடக்காவிட்டால் கூத்து தடுமாறும். எங்கள் வகுப்பை இந்த ஒரே முறையின் மேல்தான் கட்டியிருக்கிறோம். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும், மக்கள் முன்னால் நடக்கும் ஓர் ஆட்டத்தில், சிறியதானாலும் உண்மையான பொறுப்பு ஒன்று இருக்க வேண்டும் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

இதன் பொருள் என்ன என்பதை ஒரு காட்சியால் விளக்குகிறேன். கூத்தில் முக்கியமான வேஷங்கள் எல்லாம் திரைக்குப் பின்னால்தான் முதலில் வரும். இருவர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, அதன் பின்னால் நின்று வேஷக்காரர் திரை விருத்தம் பாடுவார். பார்ப்பவர்களுக்குத் துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள் மட்டுமே தெரியும். பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி துரௌபதி வேஷத்துக்கு இந்த விருத்தத்தை ஒத்திகை பார்க்கும்போது, திரை பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். விருத்தத்தின் எந்த இடத்தில் திரையைத் தாழ்த்த வேண்டும், எந்த அடியில் முழுவதும் விலக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அதற்காகப் பாடல் முழுவதையும் அவர்கள் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். யாரும் அவர்களை உட்கார வைத்து அந்த விருத்தத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்த வேஷத்துக்கு ஆள் தேடும்போது, பாடலும் தாளமும் தெரிந்த பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் திட்டத்தின் உயிர் அவரிடம்தான் இருக்கிறது. கல்லூரியில் நாடகம் படித்தவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உங்கள் சுற்றுவட்டாரத்திலேயே அந்தக் கலையைத் தொழிலாகச் செய்து வாழும் ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். எங்கள் பக்கத்தில் புரிசை இருக்கிறது. தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பெயரால் தமிழ் நாடக உலகம் முழுவதும் அறிந்த ஊர் அது. அத்தகைய ஊர்களைச் சுற்றி, பெயர் வெளியே தெரியாத வாத்தியார்கள் எத்தனையோ பேர் இன்றும் இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் வயல் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை அழைக்கும்போது 'சேவையாகச் செய்து தாருங்கள்' என்று கேட்காதீர்கள். ஒரு ராத்திரிக் கூத்தில் அவருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குக் குறையாத தொகையை, வகுப்பு முடிந்த அன்றே அவர் கையில் கொடுங்கள். பணம் போதாத மாதங்களில் நாங்கள் வகுப்பின் எண்ணிக்கையைக் குறைப்போமே தவிர, வாத்தியாரின் சம்பளத்தைப் பாக்கி வைப்பதில்லை. பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். கலைஞருக்கு ஊர் என்ன மதிப்புக் கொடுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அந்தக் கலையின் பெறுமானத்தை அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

கால அட்டவணையை நீங்கள் விரும்பியபடி அமைக்க முடியாது. பள்ளித் தேர்வும் கலைஞரின் பருவமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரத விழாக்கள் நடக்கும், அப்போது வாத்தியார்களுக்கு ஓய்வே இருக்காது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வருவதைத் தடையாகப் பார்க்காமல், அதையே அட்டவணையின் எலும்புக்கூடாக வைத்துக்கொண்டோம். ஆவணியில் தொடங்கித் தை வரை தொடர்ந்து வகுப்பு, மாசியில் எங்கள் பிள்ளைகளின் ஆட்டம், பிறகு தேர்வு முடியும் வரை வகுப்பு இல்லை. மே மாத விடுமுறையில் வாத்தியார் ஆடும் பாரத விழாக்களுக்கே பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிப்பவர்களைத் தேர்வு நேரத்தில் ஒத்திகைக்குக் கூப்பிடாதவர்கள் என்ற பெயர் ஊரில் வந்துவிட்டால், பெற்றோர் பாதி எங்கள் பக்கம் வந்த மாதிரிதான்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளை இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஆணும் பெண்ணுமாகப் பலர் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். ஷிப்ட் மாறி மாறி வரும் ஒருவரால் செவ்வாய், வியாழன் மாலை வகுப்புக்கு ஒழுங்காக வர முடியாது. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் தனி வகுப்பு வைத்தோம். தொடர்ந்து வர முடியாதவர்களுக்குப் பறை நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் ஒரு வாரம் விட்டாலும் அடுத்த வாரம் வரிசைக்குள் புகுந்து அடியைப் பிடித்துக்கொள்ள முடியும். கூத்து வேஷத்தில் அது நடக்காது.

பறையைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பற்றிப் பேசாமல் கடந்து போக முடியாது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவது, இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சியும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் பிடிப்பது, மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஓசை மங்குவது எல்லாவற்றையும் பிள்ளைகள் ஆசையோடு கற்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் சில வீடுகளில், 'சாவுக்கு அடிக்கிற மேளத்தை நம் பிள்ளை எடுப்பதா' என்ற கேள்வி வருகிறது. அந்தத் தொழிலின் இழிவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த குடும்பங்களிலும், 'நாங்கள் விட்டுவிட்டு வந்ததை எங்கள் பிள்ளைகள் ஏன் மறுபடி தொட வேண்டும்' என்ற நியாயமான கேள்வி இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லக் கூடாது. முதல் வகையினரிடம் எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: இங்கே யார் எந்த வாத்தியத்தை எடுப்பது என்பது சாதியைப் பார்த்து முடிவாவதில்லை. இரண்டாம் வகையினரை வற்புறுத்துவதே இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை மிருதங்கமோ ஆர்மோனியப் பெட்டியோ முகவீணையோ கற்க விரும்பினால் அதற்கு முதலிடம் தருகிறோம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே விஷயத்தின் மறுபக்கம்தான். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், நிழலும் இருக்கும். ஆனால் ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் வரும் எல்லாப் பிள்ளைகளும் அங்கே தயங்காமல் கால் வைப்பார்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். காலனிக்குள் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளின் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். எங்களுக்கு அரசுப் பள்ளியின் வளாகமே பொருந்தி வந்தது. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, வகுப்பு முடிந்ததும் நாங்களே பெருக்கிப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம். 2022ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடப்பதால், பள்ளிக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது என்று தலைமையாசிரியர்களிடம் எடுத்துச் சொல்வது எளிதாகியிருக்கிறது.

பெண் பிள்ளைகள் வருவதற்கு அழைப்பு மட்டும் போதாது, ஏற்பாடு வேண்டும். கூத்து நீண்ட காலம் ஆண்களே பெண் வேஷமும் கட்டிய கலை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. இராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கும் கூத்தை முழுமையாகக் கற்றுக்கொடுத்து, இது நடக்கக்கூடியதுதான் என்பதை எல்லோருக்கும் காட்டியது. அது உண்டு உறைவிடப் பள்ளி. உங்களுடையதும் எங்களுடையதும் மாலை வகுப்பு. ஆகையால் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும், அல்லது வீடு வரை கொண்டுபோய் விட வேண்டும். கட்டை கட்டும்போது இடுப்பிலும் தோளிலும் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்க வேண்டியிருக்கும், அதைப் பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே செய்ய வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது, வாத்தியாருக்கும் எனக்கும் இதே விதிதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாத்தியார்கள், உதவியாளர்கள் அனைவருக்கும் முதல் வாரத்திலேயே விளக்கிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் யாருடைய படத்தையும் வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறியதாகத் தொடங்குவதே நல்லது. வாத்தியாரின் சம்பளம், பள்ளியிலிருந்து நேராகப் பசியோடு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டலும் டீயும், பிறகு சலங்கை, வாத்தியங்கள் என்ற வரிசையில் செலவிடுங்கள். புதிய உடைகளும் மேடையும் விளம்பரப் பலகையும் கடைசி. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் புதிதாகச் செய்து வாங்க வேண்டியதில்லை, ஜமாக்களிடம் வாடகைக்குக் கேட்டால் கொடுப்பார்கள். நன்கொடை பெருகும்போது, ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற வேண்டுமானால் வருமான வரித் துறையில் தொண்டு அமைப்புகளுக்கான பதிவுகளும் வேண்டும். அரசியல் பிரமுகர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பதாக முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அடுத்த தேர்தலில் பிள்ளைகளின் பறை அவருடைய ஊர்வலத்துக்கு முன்னால் போக வேண்டியிருக்கும்.

ஆட்டத்தின் நாளை வகுப்பு தொடங்கும் நாளிலேயே அறிவித்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளின் கூத்து மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியும். இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் தடை இருப்பது ஒரு காரணம், பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது இன்னொரு காரணம். இடம் எப்போதும் தெருதான். மண்டபத்தில் வைத்தால் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் வருவார்கள். தெருவில் வைத்தால் வகுப்பை எதிர்த்த வீட்டாரும் திண்ணையிலிருந்து பார்த்துவிடுகிறார்கள், அடுத்த ஆவணியில் அந்த வீட்டுப் பிள்ளையும் வந்து நிற்பதுண்டு.

21 வயதைத் தாண்டியவர்களை என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். சிலரை நாங்கள் புதியவர்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு, சம்பளத்தோடு, வைத்துக்கொள்கிறோம். வருகைப் பதிவேடு, கணக்கு, ஒத்திகை நேரம் எல்லாம் இன்று அவர்கள் கையில்தான் இருக்கின்றன, நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன். கூத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் ஓரிருவர் வாத்தியாரின் ஜமாவில் பின்பாட்டுக்கும் சிறு வேஷங்களுக்கும் போகிறார்கள். அப்படிப் போகும்போது 'கற்றுக்கொள்ளத்தானே வருகிறான்' என்று சொல்லி வெறும் சாப்பாட்டோடு நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முதல் ராத்திரியிலிருந்தே அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும், அதை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பதையும், பிள்ளையை அனுப்புவதற்கு முன்பே ஜமாத் தலைவரிடம் நேரில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.