அந்த கன்ட்ரோலருக்கு உன்மேல கோபம் இல்ல தம்பி

கேள்வி: நான் ஸ்டூடண்ட் பைலட். 18 மணி நேரம் பறந்திருக்கேன், அடுத்த வாரம் முதல் சோலோ, இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா ஓட்டணும். பிளேன் நல்லாவே ஓட்டுறேன், ஆனா மைக் பட்டனை அமுக்கினா நாக்கு ஒட்டிக்குது. ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல இருந்து கன்ட்ரோலருங்க வேகமா பேசுறதுல பாதி புரியறதில்ல, எப்படியோ "ரோஜர்" சொல்லி சமாளிச்சிடுறேன். ஒரு கன்ட்ரோலர் மட்டும் நான் ரோஜர் சொன்னப்புறமும் விடாம, திருப்பிச் சொல்லுன்னு எல்லாரும் கேக்குற ஃப்ரீக்வென்சியில என் மானத்தை வாங்குறார். அப்பா கடன் வாங்கி படிக்க வைக்கிறார், அதனால வீட்ல இதெல்லாம் சொல்றதில்ல. இந்த ரேடியோ பயம் போக என்ன வழி?

பதில்: தம்பி, இந்த பயத்தைப் பத்தி லெட்டர் வராத மாசமே எனக்கு கிடையாது, பேசப் பேச சரியாகிடும், அதுக்கு மேல அதுல எழுத ஒண்ணுமில்ல. எனக்கு தூக்கிவாரிப் போட்டது நீ போற போக்குல எழுதியிருக்கியே, "ரோஜர் சொல்லி சமாளிச்சிடுறேன்"னு, அதுதான்.

ரோஜர்னா "சரிங்க"ன்னு நினைச்சிட்டிருக்கியா? "நீங்க கடைசியா சொன்னது முழுசா வந்து சேர்ந்துச்சு", அவ்வளவுதான் அர்த்தம். செய்யறேங்கிறதுக்கு வில்கோ இருக்கு, ஆமாங்கிறதுக்கு அஃபர்ம் இருக்கு. பாதி புரியாம நீ சொல்ற ரோஜர் பச்சைப் பொய், அதையும் நீ ரெக்கார்ட் ஆகுற ஃப்ரீக்வென்சியில சொல்லிட்டிருக்க.

இப்ப அந்த கன்ட்ரோலர் சீட்ல போய் உக்காரு. "ஹோல்ட் ஷார்ட், ரன்வே டூ செவன்"ங்கிறார், அதாவது 27-ங்கிற ரன்வேக்குள்ள போகாம கோட்டுக்கு முன்னாடியே நில்லுன்னு, நீ ரோஜர்ங்கிற. நீ கோட்டுக்கு இந்தப் பக்கமே நிப்பியா இல்ல இறங்கிட்டிருக்கிற பிளேனுக்கு முன்னாடி போய் நிப்பியான்னு அவருக்கு எப்படி தெரியும்? ரன்வேக்கு முன்னாடி நில்லு, கிராஸ் பண்ணு, டேக் ஆஃப், லேண்டிங், ஆல்டிமீட்டர் (உயரம் காட்டுற கருவி) செட்டிங், ஸ்குவாக் கோட் (ரேடார்ல உன் பிளேனை அடையாளம் காட்டுற நம்பர்), ஹெடிங் (போக வேண்டிய திசை), லெவல் (பறக்க வேண்டிய உயரம்), இதையெல்லாம் கேட்டபடி அப்படியே திருப்பிச் சொல்லி கூடவே கால்சைனும் (ரேடியோவுல உன் பிளேனோட பேரு) சொல்லணும், முக்கியமா ரன்வே சம்பந்தப்பட்டதை நீ திருப்பிச் சொல்ற வரைக்கும் அவர் விடக்கூடாது. மத்த கன்ட்ரோலருங்க உன்னை விட்டுட்டாங்கன்னா என்ன அர்த்தம், அனேகமா பக்கத்து சீட்ல இருந்து இன்ஸ்ட்ரக்டர் உனக்கு பதிலா பேசியிருப்பார். அடுத்த வாரம் அந்த சீட் காலி. உன் மானத்தை வாங்குறாராம்! உன்னை ஒழுங்கா வீட்டுக்கு அனுப்பணும்னு நினைக்கிற ஆள்மேல குறை சொல்லி எனக்கு லெட்டர் வேற.

1990 ஜனவரி 25 அன்னைக்கு ஏவியான்கா 52-ங்கிற கொலம்பியா நாட்டு பயணிகள் விமானம் நியூயார்க் கென்னடி ஏர்போர்ட்டுக்கு வந்துச்சு. மோசமான வானிலைன்னு ஒரு மணி நேரத்துக்கும் மேல வானத்துலயே சுத்த விட்டாங்க, ஒரு தடவை இறங்கப் பார்த்தும் முடியல, ஃப்யூல் தீர்ந்துட்டே வருது. கோ-பைலட் "பிரையாரிட்டி" கேட்டார், ஃப்யூல் தீருதுன்னும் சொன்னார், எமர்ஜென்சிங்கிற வார்த்தை மட்டும் கன்ட்ரோலர் காதுக்குப் போகவேயில்ல. இன்னொரு சுத்து சுத்தி கொண்டு வரேன், உங்க ஃப்யூலுக்கு அது பரவால்லியான்னு கன்ட்ரோலர் கேட்டப்ப, பரவால்லன்னு நினைக்கிறேன், ரொம்ப தேங்க்ஸ்னு பதில் போச்சு. ஃப்யூல் தீர்ந்து பிளேன் விழுந்துச்சு, 158 பேர்ல 73 பேர் செத்தாங்க. அந்த தேங்க்ஸும் உன் ரோஜரும் ஒரே ஜாதி.

புரியலையா, "சே அகெய்ன்". வேகமா பேசுறாங்களா, "ஸ்பீக் ஸ்லோயர்". முடியாதா, "அன்ஏபிள்". எல்லாம் புத்தகத்துல இருக்கிற முறையான வார்த்தைங்க, கெஞ்சுறது ஒண்ணும் இல்ல. முதல் கால்லயே ஸ்டூடண்ட்னு சேர்த்துச் சொல்லு, பெரும்பாலான கன்ட்ரோலருங்க தானா வேகத்தை குறைப்பாங்க. நாக்கு ஒட்டிக்குதுன்னா யாரைக் கூப்பிடுற, நீ யாரு, எங்க இருக்க, என்ன வேணும், இந்த நாலையும் முட்டியில கட்டுற பேட்ல எழுதிக்கோ. பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி காது குடு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்கினா கேக்குறவங்களுக்கு கீச்சு சத்தம்தான் வரும். அப்புறம் எவ்வளவு பதட்டமானாலும் முதல்ல பிளேனை ஓட்டு, பதில் ரெண்டு செகண்ட் லேட்டா போனா குடி முழுகிடாது.

அப்பா விஷயத்துக்கு வரேன். கடன் வாங்கி அனுப்பினவர் ஒவ்வொரு தடவையும் எப்படிப்பா போகுதுன்னு கேப்பார், நீ சூப்பர்ப்பான்னு சொல்லுவ, சரிதானே? அங்கயும் ரோஜர்தான் சொல்லிட்டிருக்க. பெத்தவங்களுக்கு கவலை குடுக்கக்கூடாதுன்னு பிள்ளைங்க பொய் சொல்றதை பாசம்னு சொல்லுவாங்க, என்னால அதை ஒத்துக்க முடியாது, நான் பழைய காலத்து ஆளாவே இருந்துட்டுப் போறேன். கடன் கட்டுறவருக்கு கணக்கு தெரியணும்.

நாளைக்கே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட போய், "சார், இத்தனை நாளா புரியாமதான் ரோஜர் சொல்லிட்டிருந்தேன்"னு சொல்லு. திட்டுவார், வாங்கிக்கோ. சோலோவை தள்ளி வச்சாருன்னா வைக்கட்டும். ஏன் தள்ளிப்போச்சுன்னு அப்பா கேப்பார், அவர்கிட்டயும் இதே வரியை சொல்லு.