யூடிலிட்டி பில்னா எந்த பில்?

கேள்வி: தஞ்சாவூருக்குக் குடிவந்து நாளாகிவிட்டது, ஆதாரில் இன்னும் மன்னார்குடி முகவரிதான். வங்கியில் கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்கப் போனால் ‘யூடிலிட்டி பில் கொண்டு வாங்கம்மா’ என்கிறார்கள். அகராதியில் ‘பயன்பாடு’ என்று போட்டிருக்கிறது. மளிகைக் கடை பில்லும் பயன்படத்தானே செய்கிறது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நல்லவேளை, மளிகை பில்லை நீட்டாமல் கேட்டீர்கள். அகராதி தப்பில்லை, ஆனால் பில்லோடு சேர்ந்து வந்தால் யூடிலிட்டி என்பது வீடு தேடி வருகிற அடிப்படைச் சேவைகள்தான். ரிசர்வ் வங்கி விதியில் இருப்பது கரண்ட், டெலிபோன், போஸ்ட்பெய்டு மொபைல், குழாய் கேஸ், தண்ணீர் பில். குழாய் கேஸ் என்றுதான் இருக்கிறது, நாம் முன்பதிவு செய்து வாங்குகிற சிலிண்டர் ரசீது அதில் வராது, ப்ரீபெய்டு ரீசார்ஜும் வராது. பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, நம் ஊரில் வீட்டு மீட்டருக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் கடைசியாக வந்த பில்தான் தேறும். வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதிவிட்டுப் போவதை நம்பாமல் மின்வாரிய இணையதளத்தில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான சிக்கல் பெயர். இங்கே பாதி வீடுகளில் இணைப்பு இன்னும் காலமாகிப்போன தாத்தா பெயரில்தான் ஓடுகிறது, வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் பெயரில். அந்த பில் உங்களுக்கு உதவாது. போஸ்ட்பெய்டு எண் இருந்தால் அதைக் காட்டுங்கள். எதைக் காட்டினாலும் மூன்று மாதத்துக்குள் புது முகவரி போட்ட ஆதார் மாதிரியான ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும், அதனால் முதலில் ஆதாரை மாற்றிவிடுவதுதான் என் யோசனை.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு ஃப்ளாட் நோட்டீஸில் ‘2 பிஎச்கே + யூடிலிட்டி’ என்று இருக்கிறதே? – வாசகர், பாபநாசம்

பதில்: சமையலறையை ஒட்டி வாஷிங் மெஷின் வைக்க, பாத்திரம் தேய்க்க விடுகிற இடம். கிணத்தடி, துவைகல், கொடி என்று நீண்டு கிடந்த நம் கொல்லையைச் சுருட்டி மூன்று சுவருக்குள் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குழாய், பிளக் பாயின்ட், தண்ணீர் வடிய வழி மூன்றும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள், சாக்கடை வாட்டம் சரியில்லை என்றால் சோப்புத் தண்ணீர் சமையலறைக்குள்ளேயே வந்து நிற்கும். ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பால்கனியும் வராந்தாவும் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்குகிற தரைப்பரப்பில், சேராது. யூடிலிட்டியை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிகாம் படிக்கும் மகனுக்கு ‘மார்ஜினல் யூடிலிட்டி’ மண்டையில் ஏறவில்லை. – வாசகர், திருவையாறு

பதில்: உங்கள் ஊர் அசோகாவை வைத்தே விளக்கலாமே! பாசிப்பருப்பும் நெய்யுமாக முதல் கரண்டி அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது திகட்டும், நான்காவதை யாராவது வைக்க வந்தால் இலையைக் கையால் மறைப்போம். கூடுதலாக வருகிற ஒவ்வொரு கரண்டியும் தருகிற திருப்திதான் மார்ஜினல் யூடிலிட்டி, தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இறுதிநிலைப் பயன்பாடு. அது பூஜ்யத்தைத் தொடும்போதுதான் மொத்தத் திருப்தி உச்சத்தில் இருக்கும், அதற்கு மேல் சாப்பிட்டால் மொத்தமும் இறங்கும். பையன்கள் குழம்புவது இங்கேதான், மொத்தத் திருப்தி, மார்ஜினல் யூடிலிட்டி இரண்டின் வளைகோட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.